டின்னில் வளர்ந்த பலாமரம்

என் மனைவிக்குச் செடிமேல் நம்பிக்கை உண்டு, கோழி எருமேல் உண்டு, ஈப்போ மழைமேல்கூட உண்டு. மண்மேல் மட்டும் கிடையாது. இது தெரியாமல்தான் நான் ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயில் ஓர வீடு வாங்கினேன்.

வரிசை வீடுகளில் ஓர வீட்டுக்கு மட்டும் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் கிடைக்கும். அந்தத் துண்டுக்காகவே அந்த வீட்டை எடுத்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. உள்ளே அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வெளியே நின்று, மா இங்கே, பலா அங்கே, வாழை பின்னால் என்று செருப்புக் காலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நான் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவன். என் அப்பா அரசாங்க நிலம் என்ற கூச்சமே இல்லாமல் முருங்கையும் மாவும் நட்டவர். மாற்றலாகிப் போகும்போது ஒரு மரத்தையும் திரும்பிப் பார்க்க மாட்டார், அடுத்து வருகிறவன் தின்னட்டும் என்பார். அந்த ரத்தம் எனக்கும் இருந்தது. போதாக்குறைக்கு என் உத்தியோகமும் நில அலுவலகத்தில். நாள் முழுக்க நிலப் பட்டாக்களோடு குடும்பம் நடத்துகிறவனுக்குச் சொந்த நிலம் என்றால் கொஞ்சம் தலை கனக்கத்தான் செய்யும்.

குடிவந்த கொஞ்ச நாளில் அந்தப் பக்கவாட்டு நிலம் பச்சைப் பசேலென்று நிறைந்துவிட்டது. ஆனால் ஒரு செடிகூட நிலத்தில் இல்லை. எல்லாம் டின்னில். பெயிண்ட் டின், பால்மாவு டின், சாப்பாட்டுக் கடையில் கேட்டு வாங்கிய சதுர எண்ணெய் டின், கைப்பிடி போன வாளி, மீன்காரன் தூக்கிப்போட்ட நுரைப்பெட்டி. கறிவேப்பிலை, கற்பூரவல்லி, எலுமிச்சை, செம்பருத்தி, பண்டான் இலை, வெற்றிலை என்று எதை வைத்தாலும் அவள் கைக்குப் பிழைத்தது. நான் கோடு போட்ட இடமெல்லாம் டின் நின்றது. கீழே இருந்த மண்ணை அவள் தினமும் கூட்டி மொட்டையாக வைத்திருந்தாள்.

ஆண்டுக் கடைசி மழை தொடங்கினால் எங்கள் வீட்டில் தீபாவளி வேலையும் தொடங்கிவிடும். மற்றவர்கள் திரைச்சீலை மாற்றுவார்கள், சோபா மாற்றுவார்கள். நாங்கள் டின் மாற்றுவோம். துருப்பிடித்ததைக் கழித்து, புதியதற்கு ஆணியால் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் எருவும் கலந்து நிரப்பி, கல்லுடைக்கிற மலைப்பக்கத்திலிருந்து வந்து இலையில் படிந்த தூசியைக் குழாய்த் தண்ணீரால் கழுவி, கடைசியில் வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய சாயத்தை எல்லா டின்னுக்கும் அடிப்பாள். டின்னுக்குச் சாயம் அடிக்கிற ஒரே வீடு ஈப்போ வட்டாரத்திலேயே இதுதான் என்று நான் கேலி செய்வேன். கேலி செய்துகொண்டே தூரிகையும் பிடிப்பேன். அந்த மழை மாதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. மத்தியானத்துக்குமேல் மழை இறங்கும்வரை இரண்டு பேரும் வெளியிலேயே கிடப்போம்.

இது தவிர அவளிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டின்னையும் தூக்கி ஒரு சாண் தள்ளி வைப்பாள். வெயிலுக்காக என்று நினைத்தேன். பிறகு கொசுவுக்காக என்று நினைத்தேன். சுகாதாரத் துறை ஆட்கள் வீடு வீடாக வந்து தேங்கிய தண்ணீரைத் தேடுகிற காலம் அது. கேட்டால், சும்மாதான் என்பாள்.

காரணம் தெரிந்தது பலாவினால். யாரோ கொடுத்த பலாச்சுளையின் கொட்டையை அவள் விளையாட்டாகப் பால்மாவு டின்னில் ஊன்ற, அது முளைத்து, பெரிய டின்னுக்கு மாறி, கடைசியில் எண்ணெய் டின்னுக்கு வந்து என் இடுப்புயரம் நின்றது. அவளுக்குக் காய்ச்சல் வந்து சில மாதம் தோட்ட வேலை தடைப்பட்டதால் அந்தத் தடவை டின்களை யாரும் நகர்த்தவில்லை. உடம்பு தேறி வந்தவள் பலா டின்னைத் தூக்கினாள், வரவில்லை. என்னைக் கூப்பிட்டாள். நானும் சேர்ந்து இழுத்தபோது டின் ஒரு பக்கம் சாய்ந்தது. துருப்பிடித்த அடித்தகட்டைப் பொத்துக்கொண்டு விரல் கனத்தில் ஒரு வேர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்தாயா, அதுவே இடம் பிடித்துவிட்டது என்றேன். அவள் உள்ளே போய்ப் பாராங் கத்தியை எடுத்துவந்து, ஒரே வெட்டாக அந்த வேரை வெட்டி, டின்னைத் தள்ளி வைத்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மரத்துக்கு இல்லாத வைராக்கியம் உனக்கு எதற்கு என்று கத்தினேன். அவள் கத்தியைக் கழுவிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து, அதுவரை எனக்குச் சொல்லாததைச் சொன்னாள்.

அவள் பிறந்தது சுங்காய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். அவ்வளவு எனக்குத் தெரியும். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் எல்லோருக்கும் கொஞ்சம் இடம் இருக்குமாம். அதில் கீரை, மிளகாய், கத்தரி, மரவள்ளி என்று சில மாதத்தில் பலன் தருவதைத்தான் வைப்பார்கள். மரம் வைக்க மாட்டார்கள். நிலம் தோட்டத்துடையது, என்றைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? கறிவேப்பிலை மாதிரி வருஷக்கணக்கில் வேண்டியதெல்லாம் டின்னில்தான். டின்னை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், போகச் சொல்லும் நாளில் எடுக்க வராது. இது அங்கே எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயமாம். அவளுடைய அப்பா மட்டும் ஊரோடு ஒத்துப்போகாமல் ஒரு பலாவை மண்ணில் வைத்தார். அது முதல் காய் பிடித்த வருஷம் தோட்டம் கைமாறியது. ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போடப் போகிறார்கள், லயத்தைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் டின்கள் எல்லாம் லோரியில் ஏறின.

“போற அன்னைக்குக் காலையில அப்பா அந்த மரத்துக்கு வாளி வாளியா தண்ணி ஊத்துனாரு. பக்கத்து வீட்டு மாமா, மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான், நீங்க வாங்கண்ணேன்னு கூப்புட்டாரு. வச்சவனத்தான் லோரில ஏத்திட்டாங்களே, அப்புறம் யாருங்க ஊத்துறது?”

அந்தப் பழமொழியை நானும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு சொன்னதில்லை.

இருந்தாலும் நான் விடவில்லை. அவள் கதையைக் கேட்டு மனம் இளகினேன், ஆனால் நியாயம் என் பக்கம் என்றுதான் நினைத்தேன். தோட்டம் வேறு, இது வேறு. இது நம் சொந்த நிலம், பட்டாவில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. சோற்றுக்கு உட்கார்ந்தால் இந்தப் பேச்சு. தீபாவளிக்கு டின் மாற்றும்போது இந்தப் பேச்சு. அலுவலகத்தில் வருகிறவர்களுக்கு விளக்குவதுபோல எல்லைக்கல் எங்கே, சாலைக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று அவளுக்கும் விளக்குவேன். அவள் சிரித்துக்கொண்டே, “தொரை சொன்னா சரிதான்லா,” என்பாள். மறுநாள் டின்னை ஒரு சாண் தள்ளி வைப்பாள்.

பலா அந்த டின்னிலேயே நின்றது. வயதுதான் ஏறியது, உயரம் ஏறவில்லை. அடி மட்டும் என் மணிக்கட்டுப் பருமன் இருக்கும், மேலே நாலு கொப்பு, மஞ்சளடித்த இலை. ஒரு வருஷம் மழை தொடங்கிய வாரத்தில் அதன் இலைகள் கொத்துக் கொத்தாகக் கொட்டின. அவள் எரு வைத்துப் பார்த்தாள், சாம்பல் போட்டுப் பார்த்தாள். ஒருநாள் காலையில் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, குழி தோண்டுங்க என்றாள். எனக்குப் பயப்படத் தெரியும், அது என்ன பாவம் செய்தது, என் பயத்துக்கு அது ஏன் சாக வேண்டும் என்றாள்.

வேகமாகத் தோண்டினேன், எங்கே மனசு மாறிவிடுவாளோ என்று. டின்னை இரும்புக் கத்தரியால் கிழித்துப் பிரித்தோம். உள்ளே மண்ணே இல்லை என்று சொல்லலாம், வேர்தான் டின்னின் சதுரத்துக்குள் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, பேன் பார்க்கிற பொறுமையோடு அந்தச் சிக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். குழியில் இறக்கி மண்ணைத் தள்ளும்போது அவள் கை நின்றது.

“போகச் சொல்ல மாட்டாங்கல்ல?” என்றாள்.

“யாரும் நம்மளப் போகச் சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன்ல,” என்றேன்.

அவள் மண்ணைத் தள்ளினாள். நான் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டு ஊற்றியது.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன். பலா ஒரு வருஷம் யோசித்தது, அடுத்த வருஷம் கூரையைத் தொட்டது. அதைப் பார்த்து அவளுக்குத் தைரியம் வந்து கறிவேப்பிலையை இறக்கினாள், எலுமிச்சையை இறக்கினாள். முருங்கையைப் பின்பக்கம் வைத்தாள். வாசலில் வைக்கக் கூடாது என்பதில் மட்டும் அவளுக்கும் எனக்கும் சண்டையில்லை. தீபாவளிக்கு முந்திய வேலை மாறிப்போனது. டின்னுக்குச் சாயம் அடித்தது போய், கிளை கழிப்பது, பாத்தி கட்டுவது, கால்வாய் ஓரத்தில் இஞ்சியும் மஞ்சளும் போடுவது என்று ஆயிற்று. வருஷா வருஷம் டின்கள் குறைந்தன. ஒருநாள் பழைய பேப்பர், பழைய இரும்பு என்று மலாயில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வருகிற லோரியை நிறுத்தி, காலி டின்களை எல்லாம் ஏற்றிவிட்டேன். அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று இரண்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எதற்கு, துருப்பிடித்துக் கொசுவா வளர்க்க என்று கேட்டேன். அதுவும் சரிதான் என்று உள்ளே போய்விட்டாள்.



முதல் பலாக்காய் பிடித்தபோது அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. பழைய அரிசிச் சாக்கால் சுற்றிக் கட்டி, போகும்போதும் வரும்போதும் தட்டிப் பார்த்தாள். பழுத்த வாசம் அடுத்த வரிசைவரை போனது. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவி, முற்றத்தில் பேப்பர் விரித்து அறுத்து, பக்கத்து வீட்டுச் சீனத்து அக்காவிலிருந்து தெருக்கோடி வரைக்கும் கிண்ணத்தில் போட்டு அனுப்பினாள். எல்லோருக்கும் கொடுத்து முடித்துக் கடைசிச் சுளையை மரத்தடியில் நின்று தின்றாள். இனிப்பா என்று கேட்டேன். எங்க அப்பா தின்னுட்டுச் செத்திருக்கலாம் என்றாள். அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

எங்களுக்கு ஒரே மகள், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் வேலை, அங்கேயே குடும்பம். நான் ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நெஞ்சு வலி வந்தது. ஈப்போவில் பார்த்தார்கள், பிறகு கோலாலம்பூரில் நெஞ்சைத் திறந்து பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டேன். காரோட்டக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தனியாக இருக்கக் கூடாது என்றார்கள். மாதா மாதம் அங்கே போய்வருவது பெரும்பாடாக இருந்தது. அம்மாவும் நீங்களும் என் பக்கத்தில் வந்துவிடுங்கள் என்று மகள் அழுதாள். வீட்டை விற்றால்தான் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு வீடு எடுக்க முடியும். வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. இதில் யாருடைய தப்பும் இல்லை. வேறு வழி இருந்ததா என்று இன்னமும் யோசிக்கிறேன், கிடைக்கவில்லை.

மனைவியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மகள் சொன்னதையும் மருத்துவர் சொன்னதையும் நான் முடிவு செய்ததையும் சொன்னேன். அவள் பிடுங்குவதை நிறுத்தவில்லை. கையில் இருந்த பிடியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“யாரு போகச் சொன்னா?” என்று கேட்டாள்.

குத்திக்காட்டக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். யாராவது ஒரு தொரை, ஒரு கம்பெனி, ஒரு ஆள் இருந்தால் பெயரைச் சொல்லியிருப்பேன். யாருமே சொல்லவில்லை, நாமாகத்தான் போகிறோம் என்றேன். அவள் தலையாட்டினாள். மிச்சக் களையையும் பிடுங்கி முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

வாங்க வந்தவர்கள் இளம் ஜோடி. மரியாதையான பிள்ளைகள். அந்தப் பையன் பக்கவாட்டு நிலத்தைப் பார்த்து, நல்ல குளிர்ச்சியா இருக்கு அங்கிள் என்றான். கார் எத்தனை நிறுத்தலாம் என்றும் கேட்டான். மரத்தை வைத்துக்கொள்வீர்களா என்று என் வாய்வரை வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன். பிறகு அவளே சொன்னாள், விற்றுவிட்டோம், இனி அது அவர்கள் மரம், வெட்டாதே என்று சொல்ல நாம் யார் என்று. இப்படிப் பேச நில அலுவலகத்தில் நான்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும், அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

லோரி வருவதற்கு முந்தின வாரம், எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சாப்பாட்டுக் கடையில் சொல்லி நாலைந்து எண்ணெய் டின் வாங்கிவரச் செய்தேன். கறிவேப்பிலைக் கன்று, வெற்றிலைக் கொடி, பலா அடியில் கொட்டை விழுந்து முளைத்திருந்த ஒரு கன்று, இவற்றை எடுத்துக்கொண்டு போகலாம், மாடியில் வைக்கலாம் என்றேன். ஆணியும் சுத்தியலும் எடுத்து நானே ஓட்டை போட்டு வரிசையாக வைத்தேன். அவள் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். டின்கள் அப்படியே கிடந்தன. மிச்சம் மீதி தொட்டியில் இருந்ததையும் சீனத்து அக்காவிடம் கொடுத்துவிட்டாள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்களே, என்னை நம்பி டின்னைக் கைவிட்டவள் அவள். லோரியில் கட்டில் ஏறியது, பீரோ ஏறியது, அரிசி டப்பா ஏறியது. ஒரு செடி ஏறவில்லை.

இப்போது இருக்கும் வீடு உயரத்தில். சமையலறையை ஒட்டித் துணி காயப்போடும் பால்கனி, நல்ல வெயில் வரும். மகளும் ஆசையாகச் பளபளவென்று மெருகிட்ட பெரிய பீங்கான் தொட்டிகள் வாங்கிவந்து வைத்தாள், மண் மூட்டை வாங்கிவந்தாள். மண்ணைக்கூட மூட்டையில் விற்கிறார்களா என்று என் மனைவி ஆச்சரியப்பட்டாள். தொட்டிகள் அப்படியே வெறுமையாக நின்றன, துணிக்கொக்கிகளைப் போட்டு வைக்கப் பயன்பட்டன. போன வருஷம் ஈப்போவில் ஒரு கல்யாணம். மகள்தான் கார் ஓட்டினாள். நெடுஞ்சாலையில் சிம்பாங் பூலாய்க்குத் திரும்புகிற பலகை வந்ததும், ஒரு தடவை வீட்டைப் பார்த்துட்டுப் போலாமாம்மா என்றாள். என் மனைவி மடியில் இருந்த கல்யாணப் பரிசைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, நேரா போ என்றாள். நானும் அதையே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

இந்த வருஷம் மழை தொடங்கியதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மகளோடு போய் ஒரு நல்ல கறிவேப்பிலைக் கன்றும் மிளகாய் நாற்றும் வாங்கிவந்தேன். தொட்டியில் மண் போட்டு, தூக்கக் கூடாது என்றதால் தொட்டி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, கன்றை நட்டுத் தண்ணீர் விட்டேன். வாடிக்கையாக நான் செய்தால் ஏதாவது குறை சொல்லிப் பிடுங்கிச் சரியாக வைப்பாள். அந்தக் குறையைக் கேட்கத்தான் நான் செய்ததே. நாலு நாள் தண்ணீரும் நானே ஊற்றினேன், அவள் துணி காயப்போட வந்து போனாள். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன், உனக்குப் பிடிக்கவில்லையா, நான் மண்ணில் வை, வை என்று உன்னைப் படுத்தியது கோபமா என்று. கோபம் இல்லை என்றாள். தொட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கன்றின் அடி இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டாள்.

“முன்னெல்லாம் டின்னத் தூக்குனா கனமே தெரியாதுங்க. போறது பழகிப் போயிருந்துச்சு. நீங்க மண்ணுல வைக்கப் பழக்கிட்டீங்க. இப்ப எனக்கு டின்னுல வைக்க வரல.”

அவள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மகளைக் கூப்பிட்டு, அந்தக் கன்றைக் கீழே காவலர் அறைக்குப் பின்னால் இருக்கும் வெறும் மண்ணில் வைத்துவிடச் சொன்னேன்.